ஊரா, கொழும்பா, சென்னையா? மலையகத்து ராப் கலைஞர் எங்கிருந்து தொடங்குவது

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, போனில் ஏழெட்டுப் பாட்டு எழுதி வைத்திருக்கும் தம்பி தங்கச்சிமார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, இங்கேயே இருந்து செய்றதா, கொழும்புக்கு எறங்கிர்றதா? சென்னையில சொந்தக்காரங்க இருக்காங்க, நேரா அங்க போயிட்டா என்ன?" ஹட்டன் பக்கமும் கேட்கிறார்கள், பண்டாரவளைப் பக்கமும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் நிலைமை வேறு என்பதால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. எதை எதை வைத்து எடை போட வேண்டும் என்று சொல்லலாம். என் தீர்ப்பையும் மறைக்காமல் சொல்கிறேன்.

## முதலில் எதைப் பார்ப்பது

முதலாவது, பாட்டு முடிக்கும் வேகம். ஒரு வருடத்தில் எத்தனை பாட்டை எழுதி, பதிவு செய்து, வெளியே விட முடிகிறது? ராப் கலைஞரின் கை பழகுவது பாட்டு எழுதிப் பேசிப் பார்ப்பதில்தான். வேறு எதைவிடவும் இதற்கே அதிக எடை கொடுக்கிறேன்.

இரண்டாவது வீட்டுக் காசு. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயானது. அம்மாவோ அப்பாவோ தேயிலை மலைக்கு வேலைக்குப் போகும் வீட்டில் மூத்த பிள்ளை மாதம் ஒரு தொகை தராவிட்டால் அடுப்பே தடுமாறும். இந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் போடும் திட்டம் மூன்றாவது மாதத்திலேயே முறிந்துவிடும்.

மூன்றாவது, பாட்டு யார் பெயரில் இருக்கிறது என்பது. நான்காவது, கூட்டாளிகளும் மேடையும். ஐந்தாவது, நம் பேச்சு. மலையகத் தமிழில் ராப் செய்பவரிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. எந்த ஊர் அதைக் காப்பாற்றும், எந்த ஊர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

## ஊரிலேயே இருந்து செய்தால்

செலவு மிகக் குறைவு, நேரம் அதிகம். பேண்ட்லேப் போன்ற இலவசச் செயலி இருந்தால் போனிலேயே பதிவு செய்யலாம். பழைய கணினி ஒன்று கிடைத்தால் எப்.எல். ஸ்டூடியோவை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும், அதன் பிறகு வரும் புதுப் பதிப்புகளுக்குத் தனியாகக் கட்டத் தேவையில்லை.

பெரிய தடை சத்தம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பதிவு செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே தகரம், நடுச்சுவர் பல இடங்களில் கூரை வரை எழும்பவே இல்லை, பக்கத்துக் காம்பராவில் தாத்தா இருமினால் நம் பாட்டில் விழும். இந்த நிலையில் கண்டென்சர் மைக் வாங்குவது காசுக்குக் கேடு. அது அறையின் எல்லாச் சத்தத்தையும் அள்ளிக்கொள்ளும். வாய்க்கு அருகே வைத்துப் பேசும் டைனமிக் மைக், மேடையில் பயன்படும் எஸ்.எம். 58 மாதிரியான ஒன்று, நமக்குப் பொருத்தம். தலைக்குப் பின்னால் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டுப் பேசினால் எதிரொலியும் அடங்கும்.

மழைக்கும் நாள் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தகரத்தில் அது விழும்போது எந்த மைக்கும் உதவாது. அதே ஜூலை, ஆகஸ்டில் ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளையில், காய்ந்த வெயில். வீடியோ எடுப்பதென்றால் அந்த மாதங்களில் அங்கே போங்கள். ஹட்டன் பக்கம் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. கமரா யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். கல்யாணமும் பெரியபிள்ளைச் சடங்கும் படம் பிடிக்கும் பையன்கள் ஒவ்வொரு டவுனிலும் இருக்கிறார்கள், நல்ல கமராவும் ட்ரோனும் வைத்திருக்கிறார்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் பேசினால் நியாயமான காசுக்கு வருவார்கள். தேயிலை மலைக்குள் எடுப்பதானால் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். படப்பிடிப்பைப் பாதியில் நிறுத்தினால் அன்றைய கமராக் கூலி வீண்.

ஊரின் பெரிய சொத்து அதன் ஒலியும் சொல்லும். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் இடத்தில் ஒரு இரவு நின்று தப்பு மேளத்தை மட்டும் கேளுங்கள். தீயில் காய்ச்சித் தோலை இறுக்கி, அடி மாற்றி மாற்றிப் போகும் அந்தத் தாளத்துக்குள் ராப்புக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. அதைப் பதிவு செய்து பீட்டாக்குங்கள். அடிக்கும் அண்ணன்மாருக்குக் காசு கொடுங்கள், பாட்டின் விவரத்தில் அவர்கள் பெயரையும் போடுங்கள். பிறகு தோட்டத்துச் சொற்கள். பெரட்டு, கொழுந்து மடுவம், மேல்கணக்கு, கங்காணி, அரைப் பேர். கொழுந்து நிறை குறைந்த நாளில் 'அரைப் பேர்', அதாவது அரை நாள் சம்பளம், விழுந்த ஒரு தாயின் முகத்தை நான்கு வரியில் எழுத நம் பிள்ளையால் முடியும். கொழும்பில் வளர்ந்தவர் அதை எழுத வேண்டுமானால் யாரிடமாவது கேட்டுத்தான் எழுத வேண்டும்.

மேடை குறைவு. தோட்டத்துத் திருவிழாவுக்கு வரும் இசைக்குழு சினிமாப் பாட்டுத்தான் பாடும். ஆனாலும் கோயில் கமிட்டியிடமும் குழுவிடமும் கேட்டால் நடுவில் இரண்டு பாட்டுக்கு இடம் தருவார்கள். பாட்டிமார் முதல் பொடியன்கள் வரை உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தைப் பிடித்து வைத்தவர் எந்த மேடைக்கும் அஞ்சமாட்டார்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. ஒன்று, தவறைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லாமை. தாளத்துக்கு முன்னால் ஓடுகிறீர்கள், மூச்சு எடுக்கும் இடம் பிழை என்று சொல்ல பக்கத்தில் யாரும் இல்லை. நண்பர்கள் எல்லாவற்றையும் "சூப்பர்" என்பார்கள். இரண்டாவதைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை: முகவரி. யூடியூப் வருமானம் 10 டொலரைத் தொட்டதும் கூகுள் ஒரு பின் (PIN) இலக்கத்தைத் தபாலில் அனுப்பும். அதைப் பதியாமல் காசு வராது. லயத்தில் இருப்பவர்களுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குப் போய்த் தேங்குவது நாம் அறிந்த துயரம். டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு நம்பிக்கையான உறவினரின் முகவரியைக் கொடுங்கள். அடையாள அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் ஆங்கில எழுத்தில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிசகியதால் காசு வாங்க முடியாமல் தவிப்பவர்கள் நம்மிடையே அதிகம்.

யூடியூப்பில் விளம்பரக் காசு வர 1000 பேர் சேர வேண்டும், நீள வீடியோக்கள் 12 மாதத்துக்குள் 4000 மணி நேரம் பார்க்கப்பட வேண்டும். ஸ்பொட்டிபை 2021இல் இலங்கைக்கு வந்தது. 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குக் காசு கணக்கிடுகிறது. இந்த எல்லைகள் எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான். ஆகவே கொழும்புக்குப் போனால் யூடியூப் காசு கூடும் என்பது வெறும் நினைப்பு.

ஊர் யாருக்குச் சரி: இங்கேயே ஆசிரியர் வேலை, காரியாலய வேலை, கடை வேலை என்று ஏதோ ஒரு வருமானம் இருப்பவர்களுக்கு, வீட்டை விட்டுப் போக முடியாதவர்களுக்கு, இன்னும் பத்துப் பாட்டு முடிக்காத எல்லோருக்கும்.

## கொழும்புக்கு இறங்கினால்

ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். சூரியன், சக்தி என்று தமிழ் எப்.எம்.கள், வசந்தம், சக்தி தொலைக்காட்சிகள், மிக்ஸிங் தெரிந்தவர்கள், வீடியோ எடிட்டர்கள் எல்லோரும் பஸ் போகும் தூரத்தில். 2000களில் கிரிஷான் மகேசன் தமிழ் ராப்பைப் பரவலாகக் கேட்க வைத்ததும், பாத்தியா-சந்துஷ் போன்ற சிங்களக் கலைஞர்களோடு தமிழ்க் குரல்கள் சேர்ந்ததும் அந்த நகரத்தில்தான். சிங்கள ராப்புக்கு இன்று பெரிய கூட்டம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு சிங்களக் கலைஞரோடு சேர்ந்து செய்யும் ஒரே பாட்டு, தனியே செய்யும் பல பாட்டுகளைவிடத் தூரம் போகக்கூடும். கொழும்பின் உண்மையான பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். வானொலியில் பாட்டு வர அங்கே குடியிருக்கத் தேவையில்லை, கோப்பை அனுப்பினால் போதும். இன்னொரு கலைஞரோடு ஒரே அறையில் உட்கார்ந்து எழுதுவதற்குத்தான் நேரில் போக வேண்டும்.

ஆனால் போகிறவர்களின் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். புறக்கோட்டையில் துணிக்கடை, வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை, கொட்டாஞ்சேனையில் பலர் சேர்ந்து தங்கும் அறை. காலையில் கடை திறக்கும்போது நின்றால் இரவு மூடும்வரை நிற்க வேண்டும். லீவு ஞாயிறு மட்டும், அதிலும் உடுப்புக் கழுவ வேண்டும். அறையில் மற்றவர்கள் தூங்கும்போது ராப் பதிவு செய்ய முடியாது. ஸ்டூடியோவுக்குப் போனால் மணிக்கணக்கில் காசு. ஊரில் மாதம் இரண்டு பாட்டு எழுதியவர், கொழும்பில் வருடத்துக்கு இரண்டு எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். திறமை குறையவில்லை, நேரம் பறிபோய்விட்டது. வாடகை, சாப்பாடு, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ஊர் வந்து போகும் செலவு எல்லாம் கழித்தபின் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவதும் நினைத்ததைவிடக் குறைவு.

இன்னொரு செலவு பணத்தில் தெரியாது. "இது தோட்டத்துப் பேச்சா இருக்கே, கொஞ்சம் பொதுவா மாத்துங்களேன்" என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனதோடு சொல்பவர்களும் உண்டு. ஒரு சொல்லை மாற்றுவீர்கள், அடுத்த பாட்டில் இரண்டு. இரண்டு வருடத்தில் உங்கள் குரல் யாருடையதோ போல ஆகிவிடும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உச்சரிப்புத் தெளிவாக இல்லை என்றால் திருத்துங்கள், சொல்லை மாற்றாதீர்கள்.

கொழும்பு யாருக்குச் சரி: நேரம் வரையறுத்த அலுவலக வேலையோ ஒலிப்பதிவுப் படிப்போ கிடைத்தவர்களுக்கு, கையில் முடித்த பாட்டுகளோடு, அடுத்ததாகக் கூட்டாளி தேடும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு.

நடுவே ஒரு வழியும் இருக்கிறது, நான் அதிகம் சொல்வது அதைத்தான். குரலை ஊரில் பதிவு செய்து, தனித்தனி ட்ராக்குகளாக இணையத்தில் அனுப்பி, கொழும்பிலோ கண்டியிலோ மிக்ஸிங் செய்யக் கொடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்: ஒரு நாள் கூட்டாளியோடு எழுதுவதற்கு, ஒரு நாள் பேட்டிக்கு. பஸ் காசு கொழும்பு வாடகையின் பக்கத்தில்கூட வராது.

## சென்னைக்குப் போனால்

கனவு பெரியது, அதில் பிழையில்லை. தமிழ் ராப் உலகத்தின் பெரிய சந்தை அங்கேதான். அந்தக் கதவு யாருக்கு எப்படித் திறந்தது என்பதைக் கவனியுங்கள். மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் சொந்த ஆல்பம் போட்டபின்தான் தமிழ்நாட்டில் அறியப்பட்டார்கள். ஹிப்ஹாப் தமிழா இணையத்தில் பரவிய பாட்டுகளோடு வந்தவர்கள், 2012இல் சுயாதீன ஆல்பம், சினிமா அதற்குப் பிறகு. நம் நாட்டு ஏ.டி.கே. 2013இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'கடல்' படத்தின் 'மகுடி' பாட்டில் ஒலித்ததற்கு முன்பே இங்கே பாடிக்கொண்டிருந்தவர். எல்லோரும் கையில் பாட்டோடு போனவர்கள். வாய்ப்புத் தேடி வெறும் கையோடு போய்க் காத்திருந்தவர்கள் அல்லர்.

சுயாதீன இசைக்கும் அங்கே இடம் பெருகியிருக்கிறது. 2018இல் மேடையேறிய 'த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானா, ராப், பறை மூன்றையும் ஒன்றாக நிறுத்தியது. நம் தப்பை எடுத்துக்கொண்டு போனால் காது கொடுத்துக் கேட்க ஆள் உண்டு.

இடைஞ்சல்களைச் சொல்ல வேண்டும். முதலாவது விசா. சுற்றுலா விசாவில் போய்க் காசுக்குப் பாடுவது சட்டப்படி வேலை, அதற்கு அனுமதி இல்லை. பிடிபட்டால் அடுத்த முறை விசாவே சிக்கலாகும். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்குப் போன நம் சொந்தங்கள் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள், அன்பாகத் தங்க வைப்பார்கள். ஆனால் சொந்தம் இருப்பதால் வேலை செய்யும் உரிமை வந்துவிடாது. அந்த மலைகளிலிருந்து சென்னை ஒரு இரவுப் பயணம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, சினிமாவில் பாடினால் பெயர் கிடைக்கும், பாட்டு கிடைக்காது. ஒருமுறை தரும் சம்பளத்தோடு அந்த ஒலிப்பதிவு இசை நிறுவனத்தின் சொத்தாகிவிடும். மூன்றாவது, நம்மை அவர்கள் அறியாமை. இலங்கைத் தமிழர் என்றாலே யாழ்ப்பாணம், போர் என்று மட்டுமே எண்ணுபவர்கள் அங்கே அதிகம். 2023இல் நாம் மலையகத்துக்கு வந்த இருநூறு வருட வரலாற்றை நினைவுகூர்ந்தது பலருக்குத் தெரியவே தெரியாது. உங்களை 'ஈழத்து ராப்பர்' என்று எழுதிவிட்டு, கொழுந்தும் லயமும் பற்றிய வரிகளைக் குறைக்கச் சொல்லும் நிலை வரலாம். அதற்கு முன்பே நம் கதையைச் சொல்லும் பாட்டுகள் வெளியில் இருந்தால் நம்மை நாமே அறிமுகப்படுத்திக்கொண்டதாகும்.

சென்னை யாருக்குச் சரி: இசையமைப்பாளரோ நிறுவனமோ பெயர் சொல்லி, கடிதத்தோடு, விசாவுக்குப் பொறுப்பேற்று அழைத்தவர்களுக்கு, அல்லது மாணவர் விசாவில் இசை, ஒலித் தொழில்நுட்பம் படிக்கப் போகிறவர்களுக்கு. படிப்புக்கு இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் பேரவை) புலமைப்பரிசில்கள் இலங்கை மாணவர்களுக்கு உண்டு, உயர்தரப் பெறுபேறு நன்றாக இருந்தால் விண்ணப்பியுங்கள்.

## வளைகுடா பற்றிச் சுருக்கமாக

இரண்டு வருடம் கட்டாருக்கோ துபாய்க்கோ போய்ச் சம்பாதித்து, வந்து பாட்டுச் செய்யலாம் என்பார்கள் சிலர். வீட்டுக் கடன் இருந்தால் போக வேண்டியதுதான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டுக்காக மட்டும் போகாதீர்கள். போனால் எழுதுவதை விடாதீர்கள். வேலை முடிந்து கட்டிலில் கிடந்தபடி எழுதும் வரிகளுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது.

## ஒரு பார்வையில்

| எதைப் பார்ப்பது | ஊர் | கொழும்பு | சென்னை |
|---|---|---|---|
| பாட்டு முடிக்கும் வேகம் | அதிகம், மழை மாதம் தவிர | வேலை நேரத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் குறைவு | அழைப்பு இருந்தால் மட்டும் |
| வீட்டுக்குக் காசு | சிறிது, ஆனால் நிலையாக | வாடகை போக மிச்சம் | முதல் வருடங்களில் எதிர்பார்க்க வேண்டாம் |
| உரிமை | முழுதும் உங்களுடையது | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | சினிமா என்றால் நிறுவனத்துக்கு |
| கூட்டாளி, மேடை | குறைவு | நிறைய, சிங்களக் கலைஞர்களும் | மிகப் பெரிது, போட்டியும் அப்படியே |
| நம் பேச்சு | பத்திரம் | தேயும் அபாயம் | விளக்கிச் சொல்ல வேண்டிவரும் |
| எதிர்பாராத செலவு | தபால், பெயர்ப் பிழை, வழிகாட்டி இன்மை | அறை, பயணம், பறிபோகும் நேரம் | விசா, காத்திருப்பு |

என் தீர்ப்பு: பத்துப் பாட்டு வரை ஊர், போய்வரும் இடமாகக் கொழும்பு, அழைத்தால் சென்னை. கொழும்பில் ஏற்கெனவே நல்ல வேலையில் இருப்பவர் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கணக்கு வேறு.

## தங்கச்சிமாருக்குக் கணக்கு மாறும்

இரவு மேடை முடிந்து தோட்டத்துக்குத் திரும்ப பஸ் இல்லை, ஓட்டோவில் தனியாக வர முடியாது, "பொம்பளப் புள்ள மைக்க புடிச்சிக் கத்துது" என்று லயத்தில் பேச்சு. ஊர் மலிவு என்று மேலே எழுதியது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. கொழும்பில் பெண்கள் விடுதியும் பகல் வேலையும் கிடைத்தால், சிலருக்கு அதுதான் கூடிய சுதந்திரம். ஊரில் இருந்தால் பகல் மேடைகளைக் குறிவையுங்கள்: பாடசாலை விழா, மாதர் தின நிகழ்ச்சி, மே தினம். வீட்டில் அம்மாவுக்கு முதலில் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். கொழுந்து கிள்ளிய கையைப் பற்றி மகள் எழுதிய பாட்டைக் கேட்ட தாய், அதற்குப் பிறகு லயத்துப் பேச்சுக்குத் தானே பதில் சொல்வார்.

## எந்த ஊரானாலும் கையெழுத்துப் போடும் முன்

2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' நமக்கு மிக நெருங்கிய பாட்டு. அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். கோடிக்கணக்கானோர் பார்த்த அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சு 2022இல் பகிரங்கமானது. அதிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று இசையமைத்த சந்தோஷ் நாராயணன் 2024இல் சொன்னார். அவ்வளவு பெயர் பெற்றவர்களுக்கே இப்படி என்றால், முதல் பாட்டு விடும் பிள்ளை எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

எழுதிய வரிக்கு உரிமை எழுதிய கணத்திலேயே உங்களுடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிவுகூடத் தேவையில்லை, உங்கள் ஆயுள் முழுதும் அதன் பின் 70 வருடமும் அது நீடிக்கும். அது கைவிட்டுப் போவது ஒரு கையெழுத்தால்தான். ஆகவே பாட்டு முடிந்த அன்றே, நண்பர்களாக இருந்தாலும், வரி யாருடையது, இசை யாருடையது, வருமானம் என்ன வீதத்தில் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள், போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் நீட்டினால் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: எத்தனை வருடத்துக்கு, ஒலிப்பதிவு யார் பெயரில், கணக்கு எப்போது காட்டுவார்கள். "என்றென்றைக்கும்" என்ற பொருளில் ஒரு சொல் இருந்தால் அன்று கையெழுத்துப் போடாதீர்கள், சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

இணையத்தில் வாடகைக்கு வாங்கும் பீட்டுகளிலும் இதே கவனம் வேண்டும். மலிவான உரிமத்தில் இத்தனை தடவைதான் கேட்கப்படலாம் என்று எல்லை இருக்கும். அதே பீட்டை வேறு பலருக்கும் விற்றிருப்பார்கள், அவர்களில் ஒருவர் முதலில் பதிவு செய்திருந்தால் உங்கள் வீடியோவுக்கு யூடியூப்பில் உரிமைக் கோரல் வரும். வாங்கிய ரசீதையும் உரிமத் தாளையும் மின்னஞ்சலில் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் சேவைகளிலும் வித்தியாசம் உண்டு. டிஸ்ட்ரோகிட்டில் வருடச் சந்தா, கட்டாமல் விட்டால் பாட்டுகள் தளங்களிலிருந்து இறங்கிவிடலாம். சிடி பேபியில் ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம், வருமானத்தில் 9 சதவீதம் அவர்களுக்கு. வருடா வருடம் டொலர் கட்டுவது உறுதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது முறையே பாதுகாப்பு. மாதம் ஒரு பாட்டு விடுபவருக்கு முதலாவது மலிவாக வரும்.